அப்பாயி முகத்தில் ஆயிரம் புள்ளி!

"யாருடா இந்தப் பொம்பளை?"

அப்பாயியின் பதினாறாம் நாள் காரியத்தன்று, மாலை போட்டு ஊதுபத்தி ஏற்றி நடுக்கூடத்தில் வைத்திருந்த படத்தைப் பார்த்து என் அத்தை கேட்ட கேள்வி இது. அத்தை என்றால் ஏதோ ஒன்றுவிட்ட அத்தை இல்லை. அப்பாயியின் சொந்த மகள். அறுபது வருஷம் அந்த முகத்தைப் பார்த்தவர்.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். படத்தை எடுத்தது நான். அதைச் சென்னையில் ஒரு கடையில் கொடுத்துப் பெரிசு பண்ணி, ஃபிரேம் போட்டு, ரயிலில் யாரும் இடித்துவிடாமல் ராத்திரி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்ததும் நான்தான். (அப்பர் பெர்த் ரிசர்வ் செய்திருந்தும் அதில் படுத்தது என் பெட்டி!)

அத்தை சொன்னதில் தப்பில்லை. ஜவுளிக்கடை வாசலில் புடவை கட்டிக்கொண்டு நிற்குமே ஒரு பொம்மை, அதற்கு எண்பது வயசானால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது படம். கன்னம் வழவழ. நெற்றி பளபள. அப்பாயிக்கு ஏழு வயசில் பெரியம்மை போட்டிருந்தது. பிழைத்ததே பெரிசு என்பார். முகமெல்லாம் தழும்பு. நெற்றியில் பச்சை குத்திய ஒரு புள்ளி. படத்தில் இந்த இரண்டுமே காணோம்.

கடைக்காரரைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. நான் கொடுத்த படம் அந்த லட்சணம். முகம் பூராவும் யாரோ மணலை வாரி இறைத்த மாதிரி புள்ளி. "செம நாய்ஸ் சார், க்ளீன் பண்ணிடவா?" என்று கேட்டார். பண்ணுங்கள் என்றேன். பண்ணிவிட்டார். நாய்ஸோடு சேர்த்து அப்பாயியையும்!

அந்தப் படம் எடுத்த கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் அதிராம்பட்டினம். பட்டுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி. காவிரித் தண்ணீர் முடிந்து கடல் தண்ணீர் ஆரம்பிக்கிற இடம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறி, எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகளை எல்லாம் சீப்பால் வாரிய மாதிரி ஒரே திசையில் சாய்த்துப் போட்டுவிட்டுப் போனது. கரண்ட் கம்பங்களும் தென்னைகளோடு சேர்ந்து படுத்துக்கொண்டன. நான் ஆபீஸில் நாலு நாள் லீவு வாங்கிக்கொண்டு (மேனேஜர் "உங்க வீட்டுக் கூரையை நீங்களே போய்ப் பிடிக்கணுமாய்யா?" என்றார்) ஊர் போய்ச் சேர்ந்தபோது எங்கள் தெருவில் விளக்கு என்றால் லாந்தர், செய்தி என்றால் பேட்டரி டிரான்சிஸ்டர்.

அன்று ராத்திரி திண்ணையில் அப்பாயி வெற்றிலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறடி தள்ளித் தூணில் லாந்தர். வெள்ளைப் புடவை, மூக்குத்தி, ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் இருட்டு. சினிமாக்காரர்கள் லட்சக்கணக்கில் செலவழித்துப் போடுகிற லைட்டிங் சும்மாவே கிடைத்தது. செல்போனை எடுத்துத் தட்டினேன். போனின் சின்னத் திரையில் பிரமாதமாக இருந்தது. செல்போன் திரையில் எல்லாமே பிரமாதமாகத்தான் இருக்கும்.

2022 ஐப்பசியில் அப்பாயி போனார். தேடிப் பார்த்தால் வேறு நல்ல படமே இல்லை. கல்யாண ஆல்பங்களில் ஓரமாக அரை முகம், ரேஷன் கார்டில் ஒரு கறுப்புத் திட்டு, அவ்வளவுதான். இருந்ததற்குள் இதுதான் தேறியது.

காரியம் முடிந்த மறுநாள், ஊரில் முன்பு ஸ்டூடியோ வைத்திருந்த பாயைப் பார்க்கப் போனேன். கரண்ட் போன கல்யாணங்களை பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், 400 ஏ.எஸ்.ஏ. பிலிமில் எடுத்தவர். இப்போது கடையை மூடிவிட்டு, மகன் சவூதியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த டிஜிட்டல் கேமராவில் பேரப்பிள்ளைகளையும் காக்காய்களையும் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அசல் படத்தைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"லாந்தர் எங்க இருந்துச்சு தம்பி?"

"தூண்ல. ஒரு ஆறடி இருக்கும் பாய்."

"அதை எடுத்து மூணடியில வச்சிருந்தா இந்தப் புள்ளியில பாதி வந்திருக்காது. இருட்டுல படம் எடுக்கிறவன் மொதல்ல பாக்க வேண்டியது கேமராவை இல்ல. வெளக்கை!"

எட்டாம் வகுப்பில் படித்ததை நானும் நீங்களும் மறந்துவிட்டோம். விளக்கின் தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் இரட்டிப்பாவதில்லை. நாலு மடங்காகிறது. கால் காசு செலவில்லாமல், தூணிலிருந்து லாந்தரைக் கழற்றி அப்பாயி பக்கத்தில் ஒரு முக்காலியில் வைத்திருந்தால் கேமராவுக்கு நாலு பங்கு வெளிச்சம் கிடைத்திருக்கும். இருட்டுப் பக்கத்தில் அப்பாவின் வெள்ளை வேட்டியை ஒரு கொடியில் தொங்கவிட்டிருந்தால் அந்தப் பக்கத்துக் கன்னமும் தெரிந்திருக்கும். எனக்கு அப்போது தோன்றியதெல்லாம் அடுத்த மாதம் இதைவிட விலை ஜாஸ்தியான போன் வாங்க வேண்டும் என்பதுதான்.

சரி, இந்தப் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன? கேமராக்காரர்கள் இதை நாய்ஸ் என்கிறார்கள், அதாவது இரைச்சல். (பாய் வீட்டில் என்னோடு வந்த நண்பன் பாதி காதில் வாங்கிக்கொண்டு, "எந்த நாய்?" என்று வாசலைப் பார்த்தான்.) ரேடியோவில் ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காவிட்டால் கரகரவென்று கேட்குமே, கண்ணுக்குத் தெரிகிற கரகர இது.

தூறல் போடும்போது மொட்டை மாடியில் நூறு எவர்சில்வர் தம்ளர்களை வரிசையாக வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து விநாடி கழித்து எடுத்துப் பாருங்கள். ஒன்றில் நாலு துளி, பக்கத்தில் ஏழு, அடுத்ததில் ஒன்றே ஒன்று. மழை எல்லாத் தம்ளருக்கும் ஒரே மாதிரிதான் பெய்தது. துளித்துளியாக வருகிறதே, அதனால் வந்த வித்தியாசம். ஒரு மணி நேரம் விட்டுவிட்டால் எல்லாத் தம்ளரும் ஏறக்குறைய ஒரே அளவு நிறைந்திருக்கும்.

ஒளியும் துளித்துளியாகத்தான் வருகிறது. 1905-இல் ஐன்ஸ்டைன் சொன்ன சங்கதி. ஒவ்வொரு துளிக்கும் ஃபோட்டான் என்று பெயர். கேமராவுக்குள் இருக்கும் சென்சாரில் லட்சக்கணக்கான தம்ளர்கள். கணக்கு ரொம்ப சுலபம்: ஒரு தம்ளரில் சராசரியாக 100 ஃபோட்டான் விழுந்தால் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 10. நூற்றுக்குப் பத்து பிசகு. கன்னத்தில் மணல் கொட்டும். 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் 100. நூற்றுக்கு ஒன்றுதான் பிசகு. கன்னம் கன்னமாகத் தெரியும். ஆகவே இருட்டில் வருகிற புள்ளியில் பெரும் பங்குக்குக் கேமராவைத் திட்டிப் பயனில்லை. எத்தனை கோடி கொடுத்து வாங்கினாலும் வராத ஒளியை அது எண்ண முடியாது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது இன்னும் சுலபம். நாங்கள் கடைமடை. மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்தார்கள் என்று பேப்பரில் படம் வரும். எங்கள் வாய்க்காலில் தவளைதான் கத்தும். 1934-இல் வந்த கல்லணைக் கால்வாயில் (ஜனங்களுக்கு அது இன்னமும் 'புது ஆறு') தண்ணீர் குறைவாக வரும்போது முறை வைத்து விடுவார்கள். கடைமடை விவசாயி தன் வயலுக்குத் தண்ணீர் சேர்க்க என்னென்ன செய்ய முடியும்? மதகை அகலமாகத் திறக்கச் சொல்லலாம். முறை நேரத்தைக் கூட்டிக் கேட்கலாம். கேமராவில் முதலாவது அபெர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு. இரண்டாவது ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. வாங்கிக்கொள்கிற வயல் எவ்வளவு பெரிசு என்பது சென்சாரின் பரப்பு. 36 மில்லிமீட்டருக்கு 24 மில்லிமீட்டர் கொண்ட பெரிய கேமரா சென்சாரின் பரப்பு, 2018-இல் சாதாரணமாக செல்போன்களில் இருந்த சென்சாரைப்போல முப்பது மடங்குக்கு மேல். போன் கம்பெனிகள் "நாற்பத்தெட்டு, நூற்றெட்டு மெகாபிக்ஸல்" என்று கூவுவதெல்லாம் சின்ன வயலில் வரப்பை அதிகமாகப் போட்ட கதை. தண்ணீர் கூடாது.

ஐ.எஸ்.ஓ. என்று ஒன்று இருக்கிறதே, 100, 200, 400 என்று இரட்டிப்பாகிக்கொண்டே போகுமே, அது என்ன? அது மைக் செட். பொதுக்கூட்டத்தில் பேச்சாளர் முணுமுணுத்தால் ஆபரேட்டர் வால்யூமை ஏற்றுவார். பேச்சு கேட்கும். பேச்சாளரின் இருமலும், மேடைக்குப் பின்னால் டீ ஆற்றுகிற சத்தமும் கூடவே கேட்கும். ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் ஒரு சொட்டு ஒளிகூட அதிகமாக வராது. வந்ததைப் பெரிசாக்கிக் காட்டும்.

இதைக் கேட்டதும் நான் ஒரு முடிவுக்கு வந்தேன்: இனிமேல் ஐ.எஸ்.ஓ. 400-க்கு மேல் போவதில்லை. அரைகுறை ஞானம் என்பது இதுதான். அடுத்த தடவை ஊருக்குப் போனபோது, அலுவலக நண்பர் ஒருவரின் பெரிய கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு (அவர் மனைவிக்குத் தெரியாது, இந்த இதழைப் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்) ராத்திரி கரையூர்த் தெருப் பக்கம் கடற்கரைக்குப் போனேன். என்னோடு படித்தவன் ஒருத்தன் அங்கே போட் வைத்திருக்கிறான்.

"மாப்ளே, என் போட்டை எடுக்கிறதுன்னா பெயின்ட் அடிச்சப்புறம் எடுடா" என்றான்.

எங்கள் கடலைப் பார்க்காதவர்களுக்கு: இது மெரினா மாதிரி ஆளைத் தூக்கிப் போடுகிற கடல் இல்லை. பாக் ஜலசந்தி. ஆழம் கம்மி, கரையெல்லாம் சேறு, அலை என்பது பேருக்குத்தான். கட்டிப்போட்ட போட்டு அசையாமல் நிற்கிற மாதிரி தெரியும். தெரியும், அவ்வளவுதான்! ஐ.எஸ்.ஓ. 100, முப்பது விநாடி என்று வைத்து எடுத்தேன். கரையில் இருந்த ஐஸ் பெட்டி கண்ணாடி மாதிரி விழுந்திருந்தது. போட்டு மட்டும் ஆவி மாதிரி இரண்டு இரண்டாகத் தெரிந்தது. கூடவே இன்னொரு அவமானம். படம் எடுத்து முடித்ததும் கேமரா 'பிஸி' என்று சொல்லிவிட்டு முப்பது விநாடி பேசாமல் கிடந்தது. தொங்கிவிட்டது என்று பயந்து பேட்டரியைப் பிடுங்கிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அது தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது என்று.

சென்சார் சூடாக இருந்தால் வெளிச்சமே இல்லாமலும் தம்ளர்களில் கொஞ்சம் நிறையும். ஆறேழு டிகிரி ஏறினால் இந்தப் பொய்க்கணக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதனால் நீண்ட நேரப் படங்களுக்குப் பிறகு கேமரா கண்ணை மூடிக்கொண்டு அதே அளவு நேரம் ஓர் இருட்டுப் படம் எடுத்து, அதில் தெரிகிற புள்ளிகளை முதல் படத்திலிருந்து கழித்துவிடுகிறது. வானியல்காரர்கள் இதை வெகுகாலமாகச் செய்கிறார்கள். அவர்களுடைய கேமராக்களைத் திரவ நைட்ரஜனால் குளிரவைத்துவிடுவார்கள். ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு ஆய்வகத்தில் 1986-லிருந்து இருக்கிற பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். ஏன் அத்தனை பெரிசு? மதகு அகலம்தான், வேறென்ன! நமக்கு நைட்ரஜன் வேண்டாம். கேமராவை வெயிலில் நின்ற காருக்குள் வைத்திருந்து எடுக்காமல் இருந்தால் போதும்.

அன்றைக்கு ராத்திரி செய்த மகா தப்பு இன்னொன்று. நண்பன் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு வலை சரிசெய்து கொண்டிருந்தான். ஆள் அசைவதால் ஷட்டரை நீட்ட முடியாது. ஐ.எஸ்.ஓ.வை ஏற்றப் பயம். 400-லேயே வைத்து இருட்டாக எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் வெளிச்சத்தை இழுத்து ஏற்றினேன். நிழலில் எல்லாம் கோடு கோடாக, புள்ளி புள்ளியாக, வலை எது நாய்ஸ் எது என்று தெரியவில்லை. கடைசியில் ஏதோ ஒரு கோபத்தில் 3200-இல் எடுத்த ஒரே படம் இதைவிடச் சுத்தமாக இருந்தது. காரணம் இருக்கிறது. சென்சாரிலிருந்து கணக்கை வாசிக்கும்போது மின்சுற்று தன் பங்குக்குக் கொஞ்சம் முணுமுணுக்கும். முதலிலேயே வால்யூமை ஏற்றிவிட்டால் அந்த முணுமுணுப்பு பல கேமராக்களில் கீழே அமுங்கிப் போகும். அப்புறமாக ஏற்றினால் அதையும் சேர்த்து ஏற்றுகிறோம். புதிய கேமராக்கள் சிலவற்றில் இந்த வித்தியாசம் குறைந்துவிட்டது. ஆனாலும் இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிற புத்தி ஆகாது. மதகையும் நேரத்தையும் முடிந்தவரை திறந்துவிட்டு, மிச்சத்துக்கு ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுவதில் பாவம் ஒன்றும் இல்லை.

மாதக் கடைசியில் பர்ஸ் தடவுகிற ஆசாமிகளுக்கு ஒரு வார்த்தை. கேமராவோடு கொடுக்கிற ஜூம் லென்ஸை நீட்டினால் அதன் திறப்பு எஃப் 5.6-க்குச் சுருங்கிவிடும். 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 என்று ஒரு குட்டி லென்ஸ் பல கம்பெனிகளில் விலை குறைந்த சாமான்களில் ஒன்று. அது உள்ளே விடுகிற வெளிச்சம் முன்னதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு! மூக்குத்தியில் ஃபோகஸ் வைத்தால் காது மங்கிவிடும் என்பதுதான் அதற்குக் கொடுக்கிற விலை. டிரைபாட் இல்லையா? இரண்டு படி அரிசியை ஒரு துணிப்பையில் கட்டி அதன்மேல் கேமராவை உட்காரவைத்து, இரண்டு விநாடி டைமரில் விட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். படம் எடுத்த பிறகு பொங்கலும் வைக்கலாம்.

அப்பாயியிடம் திரும்புகிறேன். இவ்வளவும் இனி எடுக்கப்போகும் படங்களுக்குச் சரி. எடுத்தாகிவிட்ட படத்தை என்ன செய்வது?

மறுபடி பாயிடம் போனேன். அவர் முதலில் புள்ளிகளை இரண்டு ஜாதியாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, கறுப்பு வெளுப்பாகத் தெரிகிற மணல். இன்னொன்று, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஹோலி விளையாடுகிற வண்ணப் புள்ளி. "இந்தக் கலர்ப் புள்ளியை தாராளமா வழிச்சி எறிங்க. நம்ம கண்ணு கலர்ல நுணுக்கம் பாக்காது. மணலை மட்டும் பாத்துப் பாத்துத் தொடுங்க. எங்க பிலிம்ல கிரெயின்ஸ் இருந்துச்சே, யாராவது கொறை சொன்னாங்களா?" கலர் டெலிவிஷனே இந்தச் சலுகையில்தான் ஓடியது. வண்ணத்தைக் கொஞ்சம் மொட்டையாக அனுப்பினாலும் கருப்பு வெள்ளை விவரம் கூராக இருந்தால் கண் ஏமாந்துவிடும்.

வெள்ளைப் புடவையின் மடிப்புகளில் மட்டும் நீலப் புள்ளி ஏன் அவ்வளவு என்று கேட்டேன். லாந்தர் வெளிச்சத்தில் மஞ்சளும் சிவப்பும்தான் இருக்கிறது, நீலம் சொற்பம். கேமரா புத்திசாலித்தனமாகப் புடவையை வெள்ளையாக்க நினைத்து, இல்லாத நீலத்தைப் பல மடங்கு பெருக்குகிறது. கூடவே அதன் நாய்ஸும் பெருகுகிறது. "லாந்தர்ல எடுத்தா மஞ்சளாத்தான் இருக்கணும். அதை எதுக்கு டியூப்லைட்ல எடுத்த மாதிரி ஆக்குறீங்க?" என்றார் பாய். மஞ்சளாகவே விட்டேன். நீலப் புள்ளியில் பாதி அப்போதே போய்விட்டது.

ஆனால் முகம்? மணலைத் துடைத்தால் தழும்பு போகிறது. தழும்பை விட்டால் மணலும் நிற்கிறது. துடைக்கிற மென்பொருளுக்கு அம்மைத் தழும்பும் ஒரு புள்ளி, நாய்ஸும் ஒரு புள்ளி. பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துச் சராசரி போடுகிற பிறவி அது. செயற்கை நுண்ணறிவு என்று புதிதாக வந்திருக்கிற ஒன்றிலும் போட்டுப் பார்த்தேன். பிரமாதமாகச் செய்தது. அப்பாயிக்கு அழகான புருவமும், இரண்டு பல்லும் கொடுத்தது. அப்பாயியின் புருவம் உதிர்ந்து பல காலம். பல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வெற்றிலை இடித்ததே அதற்காகத்தான்.

பாய் படத்தை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, அன்னைக்கி ஒரே ஒரு படம்தான் எடுத்தீங்களா?"

இந்தக் கேள்வியை முதல் நாளே யாராவது கேட்டிருக்கலாம். பழைய போனின் மெமரி கார்டைத் தேடி எடுத்தேன். ஒன்பது படம் இருந்தது! ஒன்றில் அப்பாயி கண் மூடியிருந்தார். ஒன்றில் கொசு அடித்தார். ஒன்றில் "போதும்டா" என்று கையைக் காட்டினார். ஒன்றில் வெற்றிலை இடிக்கக் குனிந்திருந்தார். மிச்சம் ஐந்தில், டிரான்சிஸ்டரில் கரண்ட் எப்போது வரும் என்று செய்தி சொல்கிறார்கள் போலிருக்கிறது, அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்து படம் போதும். கணக்கு அதே வர்க்கமூலக் கணக்குத்தான். நாலு படங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் நாய்ஸ் பாதியாகும், ஒன்பதுக்கு மூன்றில் ஒரு பங்கு, பதினாறுக்குக் கால் பங்கு. ஐந்துக்கு சுமார் இரண்டேகால் மடங்கு குறையும். இப்போது செல்போன்களில் 'நைட் மோட்' என்று இருப்பதும் இதே வித்தைதான். கூகிள்காரர்கள் பிக்ஸல் போன்களுக்கு 'நைட் சைட்' என்று இதை வெளியிட்டது 2018 நவம்பர் 14-ஆம் தேதி. ஒரு தட்டு தட்டினால் 15 படங்கள் வரை எடுத்து, கை நடுக்கத்தைச் சரிபண்ணி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிடும். சரியாக இரண்டு நாள் கழித்து எங்கள் ஊரில் கரண்ட் போயிற்று. என் போன் பிக்ஸல் இல்லை.

ஆகவே அந்த வேலையைக் கையால் செய்தேன். ஐந்து படங்களையும் கம்ப்யூட்டரில் லேயர் லேயராக அடுக்க வேண்டும். அடியில் இருப்பது 100 சதவிகிதம், அதற்கு மேலே 50, அப்புறம் 33, 25, 20 என்று ஒளிபுகாத் தன்மையைக் குறைத்துக்கொண்டே வந்தால் ஐந்துக்கும் சம பங்கு கிடைத்துவிடும். செய்து பார்க்க விரும்புகிறவர்கள் இந்த எண்களைக் குறித்துக்கொள்ளலாம். கஷ்டமெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றைப் பொருத்துவதில்தான். கையில் பிடித்து எடுத்த படங்கள், ஒவ்வொன்றிலும் முகம் ஒவ்வோர் இடத்தில். மூக்குத்தியையும் நெற்றிப் பச்சைப் புள்ளியையும் ஆணி மாதிரி வைத்துக்கொண்டு நகர்த்தினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

ஐந்தாவது லேயர் உட்கார்ந்தபோது ராத்திரி ஒரு மணி இருக்கும். மணல் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் விழுந்திருந்தது. ஒன்றில் இருந்த புள்ளி அடுத்ததில் இல்லை. அதனால் சராசரியில் ஒன்றையொன்று தின்றுவிட்டன. அம்மைத் தழும்பு ஐந்திலும் அதே இடத்தில் இருந்தது. அது மட்டும் அப்படியே நின்றது. இடது கன்னத்தில் மூன்று, மூக்கு ஓரத்தில் ஒன்று, தாடையில் ஒரு பெரிய பள்ளம். ஜேபெக் படங்கள் ஆனதால் போனே முதலில் கொஞ்சம் துடைத்திருந்தது. ரா ஃபைலாக இருந்திருந்தால் இன்னும் கிடைத்திருக்கும். இருந்தாலும் பச்சைப் புள்ளி பச்சையாகவே தெரிந்தது. மேலே கொஞ்சம் மணல் மிச்சம் இருந்தது. அதை நான் தொடவில்லை.

2023-இல் தலைத் திவசத்துக்குப் படத்தைக் கொண்டுபோனேன். இந்தத் தடவை அவ்வளவு பெரிசு பண்ணவில்லை. பழைய படத்தை இறக்கிவிட்டு இதை மாட்டினேன். அத்தை வந்தார். எதுவும் சொல்லவில்லை. கிட்டே போய்க் கண்ணாடிமேல் விரலை வைத்து, தாடைப் பள்ளத்தைத் தடவினார்.

"சின்னப் புள்ளையில இதுல விரல வச்சிக்கிட்டேதான்டா தூங்குவேன்" என்றார்.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூடத்துப் பெஞ்சில் வந்து நேராக உட்கார்ந்தார்.

"என்னையும் ஒண்ணு எடுத்து வச்சிடு. கரண்ட் இருக்கையிலேயே எடு. அப்புறம் ராத்திரி ஒரு மணி வரைக்கும் தொடைக்கிறேன் வழிக்கிறேன்னு உக்காந்திருக்காத!"

எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன்.